பாக்கியம் அத்தையின் எண்ணெய்த் தோங்

சேகர்,

பசியாறாமல் கோபத்தோடு பஸ் ஏறிப் போனவனுக்கு அம்மா எழுதுகிறேன். தாப்பா போய்ச் சேர்ந்ததும் ஏதாவது சாப்பிட்டிருப்பாய். எவ்வளவு கோபம் வந்தாலும் நீ வயிற்றைக் காயப்போடுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயையும், அந்தத் தோங்கை, நான் பாராங் கத்தியால் கொத்தி அடியில் ஓட்டை போட்டேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கவும் ரோஸ் சிராப் கலக்கவும் தோதாக இருக்கும் என்று, தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்யும் உன் கூட்டாளியிடம் கேட்டு வாங்கி, கழுவித் துடைத்து, கண்டக்டரிடம் கெஞ்சி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாய். "என்னம்மா, பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? அப்பா மருந்தடிச்ச காலத்துல நம்ம வீடு பூரா இந்தத் தோங்குதானே இருந்துச்சு? நம்மள்லாம் செத்தா போயிட்டோம்?" என்று கத்தினாய். அதைக் கேட்டதும் உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நீ கத்துகிற மும்முரத்தில் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

உனக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போதே வாய் வந்தது. அப்பாவை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பதில் ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் உன் பாக்கியம் அத்தையைப் பற்றியது. அவள் தன் கையால் தன் பிள்ளையைக் கொன்றுவிட்டதாக இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். அதை அவளிடம் சொன்னால் உன் அப்பாவுக்கு இருக்கிற ஒரே தங்கச்சி இல்லாமல் போகலாம். சொல்லாவிட்டால் அவள் அதை நம்பிக்கொண்டே செத்தும் போவாள். உன் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். குடும்பஸ்தன் ஆகப்போகிறவன், உனக்குத் தெரியாமல் அதைச் செய்யக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி. நடுநடுவே நான் திட்டுவேன், அதையும் படி.

கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் நாம் லயத்தில் இருந்த காலம் உனக்குக் கொஞ்சம்தான் நினைவிருக்கும். ரப்பர் பால்மரத்தைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பால் வெட்டுக்குப் போனேன், உன் அப்பா மருந்தடிப்புக் கூட்டத்தில் இருந்தார். புல்லுக்கு ஒரு மருந்து, செம்பனை ஓலையைத் தின்னும் புழுவுக்கு வேறொரு மருந்து. எல்லாம் தோங்கில்தான் வரும். மருந்து தீர்ந்ததும் காலித் தோங்கை, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுப்பார். அதற்கு நடக்கிற போட்டியை நீ பார்த்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் வரும். தகர டின் துருப்பிடிக்கும், மண்பானை பிள்ளைகள் கால் பட்டால் போச்சு. துருவும் பிடிக்காது, உடையவும் உடையாது என்று ஒரு சாமான் சும்மா கிடைக்கிறதென்றால் யார் விடுவார்கள்? யார் வீட்டு வாசலில் எத்தனை தோங் இருக்கிறது என்று பார்த்துத்தான் அந்த வீட்டுக்காரனுக்கு மண்டோரிடம் எவ்வளவு செல்வாக்கு என்று கணக்குப் போடுவோம். கல்யாணச் சீரில்கூடத் தோங் வைத்தார்கள். பாயும் தலையணையும் மாதிரி அதுவும் ஒரு சீர்.

கழுவாமல் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மணலும் சாம்பலும் போட்டுக் குலுக்குவோம். எலுமிச்சை இலையைக் கசக்கிப் போட்டுத் தண்ணீர் நிரப்பி வைப்போம். பிறகு வாயைத் திறந்து வெயிலில் சாய்த்துப் போடுவோம். கடைசியில் மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்போம். வாடை இல்லையென்றால் தோங் சுத்தம். அதற்கு மேல் ஒரு சோதனை இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி சொல்லவில்லை, மண்டோருக்கே தெரியாது. அவர் வீட்டிலும் அதே தோங்கில்தான் அரிசி இருந்தது.

பாக்கியத்துக்குக் கல்யாணம் வைத்தபோது உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா அப்பா இல்லாத தங்கச்சி, தோளில் தூக்கி வளர்த்தவர். மாப்பிள்ளைக்கு ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் தென்னந்தோட்டத்தில் கொப்பரை காயவைக்கிற வேலை. சீரில் வைக்க வீட்டில் இருந்த பழைய தோங்கைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மண்டோர் பின்னாலேயே அலைந்து, புழு மருந்து வந்த புதுத் தோங் ஒன்றை வாங்கி வந்தார். பால் நிறம், சிவப்பு மூடி, ஒரு கீறல் இல்லை. மருந்து தீர்ந்து அன்றைக்குத்தான் காலியானது. அவரே உட்கார்ந்து கழுவினார், என்னைத் தொடவிடவில்லை. காய்ந்ததும் மூக்கை விட்டுப் பார்த்து, "வாசமே இல்ல லா, பாரு பாக்கியம்" என்று அவளிடம் நீட்டினார். அவளும் மோந்து பார்த்துச் சிரித்தாள். "எங்க அண்ணே குடுத்ததுன்னு சொல்லி இதுல நெய்யும் எண்ணெயுந்தான் வைப்பேன், தண்ணியெல்லாம் ஊத்த மாட்டேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். கொப்பரை ஆட்டி வந்த எண்ணெயை எல்லாம் அதில்தான் ஊற்றி வைத்தாள்.

எண்ணெய் அதில் அதிக நாள் கிடக்காது. ஊற்றுவதும் தீர்வதுமாகத்தான் இருக்கும். அவள் மகள் கமலிக்கு நடை வந்த சமயம் ஒருமுறை நிறைய எண்ணெய் ஆட்டி, வாய்வரை நிரப்பி மூடி வைத்திருக்கிறாள். மாதக்கணக்கில் கிடந்த எண்ணெய். ஒரு நாள் காலையில் பிள்ளைக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை அந்த எண்ணெயைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மத்தியானம் அதே எண்ணெயில் கெம்போங் மீனைப் பொரித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து ஊட்டினாள். பொழுது சாய்வதற்குள் பிள்ளைக்கு வாயில் எச்சில் நிற்காமல் ஊற்றியது, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, கண்ணின் பாவை கடுகு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெரியவர்கள் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள். கமலி ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தையின் மாமியார் வாசலில் உட்கார்ந்து, "நாறுன மீன ஆக்கிப் போட்டு எம் பேத்திய கொன்னுட்டாளே" என்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சாப்பிட்டது மீன், எல்லோருக்கும் வாந்தி. யார்தான் வேறு எதை நினைப்பார்கள்? பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில போட்டுல எறங்குன மீனு அண்ணி. செவுளு செவப்பா இருந்துச்சு அண்ணி. நான் பாத்துத்தான் வாங்குனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தலையாட்டினேன். மனசுக்குள் நானும் மீனைத்தான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து அவள் புருஷன், உன் மாமா, அதே எண்ணெயைத் தேய்த்துத் தலை முழுகியபோது அவருக்கும் கை நடுங்கி, எச்சில் ஊறி, தலை சுற்றியது. பிள்ளை போன துக்கம் என்றார்கள். தோங்கைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை. அது வெயிலில் வெடித்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அத்தை மீன் பொரித்து நான் பார்த்ததில்லை. அதுகூடப் பரவாயில்லை. பின்னால் மகன் முருகன் பிறந்தானே, அவனுக்கு ஒரு வாய் சோறு அவள் ஊட்டியதில்லை. மாமியார் விடவில்லை, "கை நல்லா இல்லாதவ" என்றாள். கிழவி போன பிறகும் அவள் ஊட்டவில்லை, ஏனென்றால் அவளே அதை நம்பிவிட்டாள். நாம் தீபாவளிக்குப் போகும்போது கவனித்திருக்கிறாயா? எல்லோர் முன்னாலும் தட்டை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பாள். கேட்டால் கரண்டியை நம் கையிலேயே கொடுத்துவிடுவாள். நீ ஒருமுறை, "அத்தைக்குப் பரிமாறவே வராதா?" என்று கேலி செய்தாய். அவள் சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாம் ஈப்போவுக்கு வந்து, நான் பிளாஸ்டிக் ஃபேக்டரியில் சேர்ந்த பிறகுதான் இந்தக் கதையின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. அங்கே உருக்குவதற்குப் பழைய தோங்கெல்லாம் லாரியில் வந்து இறங்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதில் பால் நிறத்தில் ஒன்று, பார்க்கப் புத்தம் புதுசு. புளி போட்டு வைக்கலாம் என்று கழுவி, மோந்து பார்த்து, ஓரமாக எடுத்து வைத்தேன். பழக்கம் விடுமா? எங்கள் சூப்பர்வைசர் லீ அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஈனி பூக்கான் மக்கான் பூஞ்ஞா லா" என்றாள், இது சாப்பாட்டுக்கு உள்ளது இல்லை என்று. நான் வாடையே இல்லையே என்றேன். அவள் ஒரு துணியில் சமையல் எண்ணெயைத் தொட்டு உள்பக்கம் நன்றாகத் தேய்த்து, வெயிலில் வைத்துவிட்டுப் போனாள். சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து, இப்போது மோந்து பார் என்றாள். பார்த்தேன். உன் அப்பாவின் மருந்தடிப்புச் சட்டையில் வரும் அதே வாடை குப்பென்று மூஞ்சியில் அடித்தது. எண்ணெயில் கரைகிற மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிப் போய்விடுமாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வெளியே வராதாம், எண்ணெய் பட்டால் வருமாம். அவளுக்கு அது சாதாரண விஷயம், சொல்லிவிட்டு மிஷின் பக்கம் போய்விட்டாள். பாக்கியம் எண்ணெய் ஊற்றி வைத்த தோங் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நம் வீட்டுத் தோங்கில் தண்ணீரும் அரிசியும்தானே இருந்தது, சேகர். அதுவும் முக்கால்வாசி, தண்ணீரில் கரைகிற புல்லு மருந்து வந்த தோங். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். நாம் பிழைத்தது நம் சாமர்த்தியத்தால் இல்லை. அண்ணன் கொடுத்ததை அருமையாக வைத்துக்கொண்டு, அதில் நல்ல எண்ணெயை ஊற்றியவளுக்குத்தான் அது வந்தது.

இது நிச்சயமா என்று நீ கேட்பாய். அந்த எண்ணெயை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையின் கண் எப்படி இருந்தது என்று எனக்குச் சொன்னார்கள். மருந்து குடித்தவர்களின் கண்ணையும் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். கெட்ட மீன் சாப்பிட்டால் கண் அப்படி ஆவதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு உன் வீட்டு அடுப்படியைப் பற்றிப் பேசாமல் விட முடியுமா? அத்தை கதைக்கு நடுவில் இதென்ன பாடம் என்று முகத்தைச் சுளிக்காதே. பிளாஸ்டிக் என்றாலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்குச் சோறு போடுவதே அதுதான். சாப்பாட்டுக்கென்றே செய்து விற்கிற பால் நிறக் கெட்டி டப்பாவில் அரிசி, பருப்பு, தண்ணீர் தாராளமாக வை. வேறு எதற்காகவோ செய்ததை, அதில் முன்னால் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாததை, பெயிண்டு வாளியோ மருந்துத் தோங்கோ எதுவானாலும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வீட்டுக்குள் விடாதே. கறுப்பும் கரும்பச்சையுமாகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வாளியெல்லாம் பழையதை உருக்கி ஊற்றியது. எதை உருக்கினோம் என்று செய்த எங்களுக்கே தெரியாது. மாடு குளிப்பாட்ட, குப்பை போட வைத்துக்கொள். எண்ணெய், நெய், ஊறுகாய், கரைத்த புளி, இவையெல்லாம் கண்ணாடி போத்தலுக்கோ பீங்கான் ஜாடிக்கோ போகட்டும், கண்ணாடி மாதிரியே தெளிவாக இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு வேண்டாம். அது எலுமிச்சைக்கும் எண்ணெய்க்கும் விரிசல் விடும். புது மழைக்கோட்டு வாடை அடிக்கிற வளைகிற சாமானில் சாப்பிடுகிற எதையும் வைக்காதே. மார்ஜரின் டப்பாவைத் தூக்கிப்போட மனசு வராது, தெரியும். அதில் கடுகும் வெந்தயமும் போட்டுக்கொள்ளுங்கள், கொதிக்கிற ரசத்தை ஊற்றாதீர்கள், அது ஆறின சாமானுக்குச் செய்தது. கடையில் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு கட்டி வாங்குகிற பழக்கத்தையும் கொஞ்சம் குறை. தொட்டால் சலசலக்கிற தெளிந்த பையாவது சூடு தாங்கும். கொழகொழவென்று இருக்கிற பை சூட்டில் துவண்டுவிடும். ஒரு தூக்குச்சட்டி வாங்கித் தருகிறேன், கையில் தூக்கிக்கொண்டு போக வெட்கப்படாதே. மருமகளிடம் இதையெல்லாம் நீ சொல், நான் சொன்னால் மாமியார் ஆரம்பித்துவிட்டாள் என்பாள்.

ஃபேக்டரியில் அதைத் தெரிந்துகொண்ட அன்றே உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், "சொல்லாத. ஆறிப்போன புண்ணு. நீ சொன்னா அவ என்னைய அண்ணேன்னு கூப்புட மாட்டா" என்றார். "ஆறிப்போச்சா? பெத்த புள்ளைக்கு ஒரு வாய் ஊட்டாதவளுக்கு எது ஆறிப்போச்சு?" என்று கேட்டேன். "எங்கையால கழுவிக் குடுத்தேன்" என்றார், அவ்வளவுதான். அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் பிறகு ஹுத்தான் மெலிந்தாங் போவதை ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். நானும் விட்டுவிட்டேன். அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பாக்கியத்தை நினைத்தால் அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு சமைத்தேன், வேலைக்குப் போனேன், உனக்குப் பெண் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு நான் பின்பக்கம் போனேன். அப்பா குழாயடியில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பாக்கியத்துக்குப் பத்திரிகை வைக்க எப்ப போறோம்?" என்றார். வியாழக்கிழமை என்றேன். "நீ பேசாத. நானே சொல்றேன். நான் குடுத்தது, நான்தான் சொல்லணும்" என்றார். உள்ளே வந்து, அழுக்குக் கூடையில் கிடந்த தன் வெள்ளைச் சட்டையை எடுத்து அவரே துவைத்துப் போட்டார்.

ஆகவே வியாழக்கிழமை காலையில் நாங்கள் போகிறோம். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்தலாம். உன் மாமா கை நீட்டலாம். உங்கள் வீட்டுக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லலாம், முருகனையும் வரவிடாமல் செய்யலாம். அப்படி நடந்தால் உன் அப்பா தங்கச்சி இல்லாமல் மணவறைப் பக்கம் நிற்பார். நீ அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும், ஒருநாளும் அத்தையைக் குறை சொல்லக் கூடாது. பிள்ளையைக் கொடுத்தவள் அவள். எவ்வளவு கோபப்படவும் அவளுக்குப் பாத்தியதை இருக்கிறது.

ஒருவேளை வந்தாள் என்றால், உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். தாலி கட்டி முடித்து உங்கள் இருவருக்கும் பால் பழம் கொடுக்கும்போது என் அண்ணி, உன் பெரியம்மா என்று ஆளாளுக்கு முன்னால் வருவார்கள். யாரிடமும் வாயைத் திறக்காதே. "எனக்கு அத்தைதான் குடுக்கணும்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல். அவள் வேண்டாம் என்பாள், பின்னால் போய் நிற்பாள். நீ விடாதே. கூப்பிட்டுக்கொண்டே இரு. வந்துவிட்டாலும் கரண்டி பிடிக்கிற அவள் கை நடுங்கும், பாதிப் பால் உன் வேட்டியில் கொட்டும். பரவாயில்லை, வேட்டியைத் துவைத்துக்கொள்ளலாம். அவசரப்படுத்தாமல், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து காத்திரு.

அம்மா